மஹ்றூபின் கைகள் இருந்த சேர்வர்

ஜூலை 1, செவ்வாய்

கச்சான் காற்று. காயப்போட்ட உடுப்பெல்லாம் வேலியில். காலை எட்டு மணிக்கே வெக்கை.

வேலை: திருத்த வந்த பிரிண்டர் இரண்டு, மை அடைப்பு. பின்வீட்டுப் பிள்ளையின் லெப்டொப், கீபோட்டில் பிளேன்டி, பால் விடாத தேத்தண்ணி ஊற்றியது. மகளுக்குச் சப்பாத்து. சமையல் காஸ் முடியப்போகிறது.

பதினொரு மணிக்கு ஓட்டோவில் ஒரு சேர்வர். கறுப்பு, இடுப்பளவு உயரம், வயது இருபதுக்கு மேல். இறக்க நான்கு கை வேண்டியிருந்தது. கொண்டுவந்தவர் பெயர் றிபாய், சாய்ந்தமருதில் தையல் கடை வைத்திருக்கிறார். காது கேளாது, பேச்சும் இல்லை. ஒரு துண்டு நீட்டினார். "சேர்வர் பழுது. சரோஜா ரீச்சர் அனுப்பினா. உள்ளே வீடியோ. கவனம்."

பின்னேரம் சரோஜா ரீச்சரின் அழைப்பு. பாண்டிருப்பு, ஓய்வு பெற்றவர். காது கேளாத பிள்ளைகளுக்கு முன்பு ஒரு சிறு பள்ளி நடத்தினாராம். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பாவிக்கும் சைகைகளை ஒவ்வொன்றாக வீடியோ எடுத்து இந்தச் சேர்வரில் போட்டிருக்கிறார். ஒரு சைகைக்கு ஒரு வீடியோ. வேறு பிரதி இல்லை. காரைதீவில் அடுத்த மாதம் புது வகுப்பு தொடங்குகிறது, அதற்கு இதுதான் பாடப்புத்தகம்.

"எல்லாத்திலயும் நிண்டு காட்டுறது மஹ்றூப். றிபாய்ட காக்கா, கூடப்பிறந்த மூத்தவர். அவருக்கும் காது கேக்காது. மோசம் போய், கண்ண மூடி ரெண்டு வருஷம். கிழமைக்கு ஒருக்கா றிபாய் இஞ்ச வந்து, இதப் போட்டுப் பாத்திட்டுப் போவான் பிள்ள."

பார்த்துத் தருகிறேன் என்றேன்.

செத்தவர்களின் குரலைப் போனில் வைத்துக் கேட்கிறவர்கள் உண்டு. பேசாத மனிதரின் குரல் எங்கே இருக்கும்? கைகளில்தான். அந்தக் கைகள் இப்போது என் மேசைக்குக் கீழே.

ஜூலை 2, புதன்

திறந்து பார்த்தேன். தூசி, பல்லி முட்டை, நான்கு டிஸ்க். ரெய்ட் முறையில் கட்டியது. நாலில் ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் சேர்ந்து எல்லாவற்றையும் தரும். இரண்டு செத்தால் ஒன்றும் இல்லை.

இதில் இரண்டு போயிருக்கின்றன. 2ஆவதும் 3ஆவதும். ஒன்று எப்போதோ போயிருக்க வேண்டும், மூன்றை வைத்துச் சேர்வர் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். போன மாதம் மற்றதும் போக, எல்லாம் நின்றுவிட்டது. கடைசியாக நின்றதை எழுப்பினால் சரி. எது கடைசி?

மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது றிபாய் வந்தார். சேர்வரைக் காட்டினார். கண்ணைத் தொட்டார். மூன்று விரல். பிறகு எதையோ தோளுக்குப் பின்னால் எறிவதுபோல் இரண்டு தரம். கையெல்லாம் செதில் எனக்கு, அடுப்பில் உலை. மூன்று மணிக்குத் திரும்பி வருவார் போல என்று நினைத்துத் தலையாட்டினேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு வரவில்லை.

காஸ் வாங்கியாயிற்று.

ஜூலை 3, வியாழன்

எழுதத்தான் வேண்டும்.

பிரதி எடுக்காமல் கை வைத்தேன். பதினாறு வருடமாக இந்த வேலை. மற்றவர்களுக்கு நானே சொல்வது: முதலில் பிரதி, பிறகுதான் மற்றதெல்லாம். பிரிண்டர்க்காரர் வாசலில் நின்று அவசரப்படுத்தினார். அது சாட்டு. எனக்கே அவசரம்.

3ஆவது டிஸ்கின் சத்தம் நன்றாக இருந்தது. அதை எழுப்பினேன். சேர்வர் ஓடத் தொடங்கியது. எனக்கு ஒரே பெருமை. பிறகு திரையில் வரிவரியாக: பிழை, திருத்தப்படுகிறது. பிழை, திருத்தப்படுகிறது.

3ஆவதுதான் எப்போதோ செத்தது. அதன் பழைய கணக்கையும் மற்ற இரண்டின் புதிய கணக்கையும் ஒன்றாகப் பார்த்து, சேர்வர் தானாகத் "திருத்தி" எழுதிக்கொண்டிருக்கிறது. திருத்தம் இல்லை, அழிவு. வயரைப் பிடுங்கினேன். நான்கு நிமிடம் ஓடியிருக்கும்.

இவர், மகளின் வாப்பா, சம்மாந்துறை அரிசி ஆலையிலிருந்து சாப்பிட வந்தார். அங்கே இலெக்ட்ரீசியன். சொன்னேன்.

"பழைய சாமான்தானே. செத்துப் பெயித்து எண்டு சொல்லன். ஆருக்குத் தெரியப் போகுது?"

உண்மை. யாருக்கும் தெரியாது. சோற்றைப் பாதியில் மூடி வைத்துவிட்டு எழும்பினேன்.

ஜூலை 4, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து இவர் வந்ததும், மகளை அவரிடம் விட்டுவிட்டுப் பாண்டிருப்புக்கு. பஸ்ஸில் முன்சீட்டில் இரண்டு பெண்கள். "மாப்பிள்ளைக்கு ஓம் எண்டாச்சாம், தாய்க்குத்தானாம் மனமில்ல." "தாயா கட்டப்போறா?" வேறு நாள் என்றால் சிரித்திருப்பேன்.

ரீச்சரின் வீட்டில் றிபாயும் இருந்தார். அது எதிர்பார்க்காதது. அவர் முன்னாலேயே எல்லாம் சொன்னேன். பிரதி எடுக்காதது, 3ஆவதை எழுப்பினது, நான்கு நிமிடம்.

ரீச்சர் நிமிர்ந்தார். "மூணாவதா? அதுட லைற் எப்பவோ மஞ்சளாப் போச்சே பிள்ள. றிபாய் உங்களுக்கு வந்து சொன்னானாமே."

"என்ன சொன்னார்?"

ரீச்சர் கையால் கேட்டார். றிபாய் மறுபடியும் செய்தார். கண். மூன்று விரல். தோளுக்குப் பின்னால், இரண்டு தரம்.

"நான் கண்டன். மூணாவது. ரெண்டு வருஷமா." ரீச்சர் ஒவ்வொன்றாகச் சொன்னார். "நீங்க விளங்கின மாதிரித் தலையாட்டினீங்களாம்."

ஆட்டினேன்.

நான் செய்ததை ரீச்சர் அவருக்குக் கையால் சொன்னார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். கேற் திறந்தபடி.

ரீச்சர் தேத்தண்ணி தந்தார். "ஒளிக்காமச் சொன்னீங்க. அது மட்டும் காணாது. எண்டாலும் சொன்னீங்க."

ஜூலை 6, ஞாயிறு

இனி முறையாக.
1. ரெய்ட் காட் கழற்றியாயிற்று. டிஸ்குகள் நேரே தாய்ப்பலகையில், அதாவது மதர்போட்டில்.
2. ஒவ்வொன்றையும் முழுதாக என் லெப்டொப்புக்குப் பிரதி. வாசிப்பு மட்டும், எழுத்து இல்லை.
3. பிரதிகளில் மட்டும் வேலை.
4. அவசரம் இல்லை.

டி.1 முடிந்தது. டி.4 முடிந்தது. டி.3ஐயும் எடுத்துத் தனியே வைத்தேன், கோபத்தோடு. டிஸ்க் பாவம், அது என்ன செய்யும்.

மகளின் சப்பாத்து ஒரு அளவு சிறிது. மாற்ற வேண்டும்.

ஜூலை 7, திங்கள்

டி.2. போன மாதம் நின்றது. எல்லாம் இதன் கையில்.

குளிர்ந்திருந்தால் வாசிக்கிறது, பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சூடேறி நின்றுவிடுகிறது. மேசை ஃபேனுக்கு முன்னால் வைத்து, ஆறவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி. நாள் முழுக்க. இடையில் கறி அடிப்பிடித்தது. மகள் வந்து டிஸ்கைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் காயுது உம்மா" என்றாள்.

பாதி.

ஜூலை 8, செவ்வாய்

இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. அதற்கும் நல்லதுதான், டிஸ்க் ஆறியது.

பின்னேரம் முடிந்தது. ஆங்காங்கே சில துண்டுகள் வாசிக்கவில்லை, மற்றதெல்லாம் உண்டு. கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினேன். மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோதுதான் எழும்பினேன்.

ஜூலை 9, புதன்

மூன்று பிரதிகளையும் கோர்க்க வேண்டும். தரவை எந்த அளவுத் துண்டுகளாக வெட்டி, எந்த ஒழுங்கில் நான்கிலும் பங்கு போட்டார்கள் என்று தெரியாது. ஒவ்வொரு அளவாக வைத்துப் பார்த்தேன். சோதிக்க ஒரு படம் எடுத்துக்கொண்டேன். முதலில் வெறும் கோடுகள். பிறகு மேலே ஒரு பிள்ளையின் நெற்றி, கீழே கதவு. அடுத்த அளவில் முழுப் படம். வரிசையாகப் பிள்ளைகள், நடுவே இளம் சரோஜா ரீச்சர், ஓரத்தில் உயரமாக ஒருவர். றிபாயின் மூக்கு அவருக்கு. மஹ்றூப்.

அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

பிறகு வீடியோக்கள். எண்ணூறுக்கு மேல். தொண்ணூறு வரை உடைந்திருக்கும், மற்றவை ஓடுகின்றன. நீலத் திரைச்சீலைக்கு முன்னால் மஹ்றூப், ஒரு சைகை, ஐந்து விநாடி. சத்தம் இல்லை, எழுத்தும் இல்லை.

பெயர்கள்தான் இல்லை. எந்தச் சைகைக்கு என்ன சொல் என்பது கோப்பின் பெயரில் மட்டும் இருந்திருக்கிறது. அந்த நான்கு நிமிடத்தில் சேர்வர் "திருத்தி" அழித்தது பெயர்ப் பட்டியலைத்தான். இப்போது எல்லாம் வெறும் இலக்கம். 1, 2, 3, 4.

சொல் இல்லாத சைகை எண்ணூறு. என் வேலை.

ஜூலை 10, வியாழன்

ரீச்சருக்குச் சொன்னேன். "எனக்கு அரைவாசிதான் நினைவிருக்கும் பிள்ள. மற்றது றிபாய்க்குத்தான் தெரியும். அவன்ட்ட நான் கதைக்கமாட்டன். நீங்க போய்க் கதைங்க."

எப்படிக் கதைப்பது? ஒரு தாள் நிறைய எழுதிக்கொண்டு சாய்ந்தமருதுக்குப் போனேன். என்ன மீண்டது, என்ன போனது, யாரால் போனது. தையல் மெஷினை நிறுத்திவிட்டு இரண்டு தரம் வாசித்தார். வெட்டிய துணியில் மார்க் பண்ணும் பென்சிலால் கீழே எழுதினார்.

"நான் கோபம். சனி வருவேன்."

ஜூலை 12, சனி

ஒன்பது மணிக்கே வந்தார். நான் கதிரையைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

முதல் வீடியோ. மஹ்றூப் வந்து நின்று, கையை எடுத்தார். றிபாயின் கையும் தானாக எழும்பி அதையே செய்தது. மறுபடி போடச் சொன்னார். மறுபடி. ஏழெட்டுத் தரம். நான் குசினிக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது கொப்பியில் எழுதத் தொடங்கியிருந்தார். 1 தேங்காய். 2 மாமி. 3 வட்டை (வயல்). 4 பொய்.

37ஆவது: "கச்சான்" என்று எழுதினார். கச்சான் கடலையாக்கும் என்று, கோதை உடைப்பதுபோல் செய்து காட்டினேன். இல்லை என்று தலையாட்டி, கன்னம் ஊத என் முகத்தில் பலமாக ஊதினார். காற்று. இரண்டு பேரும் சிரித்தோம். மகள் எட்டிப் பார்த்து, "என்ன உம்மா?" என்றாள்.

மத்தியானம் சோறு. றிபாய்க்கு நெத்தலிச் சொதி பிடிக்கும் போல, இரண்டாந்தரம் வாங்கினார். போகும்போது கொப்பியின் ஓரத்தில், "கோபம் கொஞ்சம்."

ஜூலை 16, புதன்

நாளும் பின்னேரம் வருகிறார். 410 முடிந்தது. எனக்கும் கொஞ்சம் பிடிபடுகிறது. மழை, பசி, நாளைக்கு, வேண்டாம். விளங்காவிட்டால் தலையாட்டுவதில்லை. புருவத்தை உயர்த்திக் கையை விரித்தால் "என்ன?" என்று அர்த்தம். ஒரு நாளைக்கு நூறு தரம் விரிக்கிறேன்.

உடைந்தவற்றில் மஹ்றூபின் கை பாதி வழியில் நின்றுவிடுகிறது. அவற்றை றிபாயே நின்று செய்து காட்ட, புதிதாக எடுக்கிறோம். நீலத் திரைக்கு என் பழைய சாரி. முதல் தரம் கமராவுக்கு முன்னால் அவருக்கு வெட்கம், நாலாந்தரம் சரிவந்தது.

இவர் வேலையால் வந்து கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அண்டைக்குச் சொன்னது பிழைதான்" என்றார். அவ்வளவுதான். போய்க் குளித்தார்.

ஜூலை 20, ஞாயிறு

தூறல். ரீச்சரும் வந்தார், ஒரு பை நிறைய மாம்பழத்தோடு.

கடைசி நாள். பிரதி மூன்று எடுத்தாயிற்று. ஒன்று ரீச்சருக்கு, ஒன்று றிபாய்க்கு, ஒன்று இங்கே. வகுப்புக்கு ரீச்சர் கொடுத்துக்கொள்வார்.

றிபாய்க்குத் தெரியாதவை பதினொன்று. பத்தை ரீச்சர் சொல்லிவிட்டார், பெரும்பாலும் பள்ளிச் சொற்கள். 612 மட்டும் மீதி. மஹ்றூப் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து, மெல்லப் பிரித்து, ஒன்றை மட்டும் நெஞ்சில் வைக்கிறார்.

"நான்தானே கமரா பிடிச்ச. என்ன சொல்லெண்டு வருகுதில்லயே" என்று ரீச்சர் நெற்றியைத் தடவினார்.

பிரிவு? பங்கு? நம்பிக்கை? கேட்டுக் கேட்டுப் பார்த்தோம். ஒவ்வொன்றுக்கும் றிபாய் இல்லை என்றார், அவற்றுக்கெல்லாம் வேறு சைகை உண்டு. என்னால் அழிந்த பெயர்ப் பட்டியலில் மட்டும்தான் அந்தச் சொல் இருந்தது. அது என் பிழை என்று ரீச்சருக்குச் சொன்னேன், அவர் றிபாய்க்குக் கையால் சொன்னார். றிபாய் என்னைப் பார்த்து, விடுங்க என்பதுபோல் கையை அசைத்தார்.

இலக்கத்துக்கு எதிரே வெறுமையாக விடுவோம் என்றேன். அவர் கொப்பியை இழுத்துக்கொண்டு 612க்கு நேரே எழுதினார்.

"காக்காக்குத் தெரியும்."