ஜன்னலோடு ஒரு மாதம்

ஜூன் 2, திங்கள்
பழைய நகரத்தில் ஒரு வீடு பார்த்தேன். மூன்றாவது மாடி. ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஒருவர் நின்றாலே நிறைந்துவிடும் சமையலறை. கட்டடத்துக்கு நூற்றைம்பது வயது, எனக்கு நாற்பத்தாறு. படிகள் முனகுகின்றன, ஏறும்போது நானும். ஆனாலும் பிடித்துவிட்டது. அண்ணன் வீட்டில் எனக்கென்று ஒரு அறை உண்டுதான். யாரும் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்ததில்லை.

அண்ணன் சிரித்தான். "ஒரு மாசம். அதுக்குள்ள பெட்டியோட வந்து நிப்ப பாரு. உன் ரூம் அப்படியே இருக்கும், கட்டிலக்கூட நகத்த மாட்டேன்."

அன்பாகத்தான் சொன்னான். அதுதான் எரிச்சல்.

ஜூன் 4, புதன்
வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கீழ்த்தளத்தில் இருக்கும் வீட்டுக்காரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் கையெழுத்தையே பார்த்தார். எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். மாநகராட்சி, பழமைக் கட்டடப் பிரிவு. என் அலுவலகம். 'மூன்றாம் மாடிப் படுக்கையறை ஜன்னலை மாற்ற அனுமதி கோரும் மனு நிராகரிக்கப்படுகிறது.' அடியில் அதே கையெழுத்து, அதே நீண்ட வால். மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் போட்டது.

முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

"நீங்கதானா அது? சரி, ஒரு மாசம் அந்த ஜன்னலோட குடியிருங்க. அப்புறமும் வேணும்னு சொன்னா நான் கையெழுத்துப் போடறேன்."

ஜூன் 7, சனி
குடிவந்தாயிற்று. ஜன்னல் மூடவில்லை. இரண்டு விரல் இடைவெளி.

ஜூன் 11, புதன்
மழை. மெத்தையின் கால்மாடு முழுக்க ஈரம்.

ஜூன் 14, சனி
மறுபடியும் மழை. ஜன்னலடியில் மூன்று துண்டு, ஒரு பழைய போர்வை, ஒரு வாளி. அண்ணன் போன் செய்தான். "அங்க மழை பலமாமே?"

"அப்படியா? இங்க ஒண்ணும் தெரியல," என்றேன், வாளியைக் காலால் நகர்த்திக்கொண்டே.

ஜூன் 19, வியாழன்
ஆவண அறைக்குப் போய் அந்தக் கோப்பை எடுத்துப் படித்தேன். விதியில் தெளிவாக இருக்கிறது: அதே மரம், அதே வடிவம் என்றால் பழுதுபார்க்க அனுமதியே தேவையில்லை. எங்கள் பிரிவில் எல்லோருக்கும் அது மனப்பாடம். ஆனால் அந்த அம்மா 'மாற்றலாமா' என்று கேட்டிருந்தார். 'கூடாது' என்று எழுதி முடித்துவிட்டேன். கேட்காததைச் சொல்லும் பழக்கம் எங்கள் அலுவலகத்தில் கிடையாது.

பாவம், ஜன்னலைத் தொடவே கூடாதுன்னு நெனச்சுட்டாங்க. மூணு வருஷம்! எனக்கு முன்னாடி குடியிருந்தவங்க எல்லாம் இதனாலதான் காலி பண்ணிட்டுப் போனாங்களோ? ஒரு வரி எழுதியிருந்தா போதும். வெட்கமா இருக்கு.

ஜூன் 21, சனி
காலையில் வீட்டுக்காரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்புதான் என்றும் சொன்னேன். கேட்டுக்கொண்டு உடனே தச்சரை வரவழைத்தார்.

தச்சர் பலகையைத் தட்டிப் பார்த்தார். "கீல் எறங்கியிருக்கு, அடிக்கட்டை இத்துப்போச்சு. மத்தியானத்துக்குள்ள முடிச்சிடலாம்."

"மத்தியானத்துக்குள்ளயா?" என்று வீட்டுக்காரம்மா கேட்டது அவரைத்தான். பார்த்தது என்னை.

ஜூன் 28, சனி
நல்ல மழை. வீட்டுக்காரம்மா மேலே வந்தார். ஜன்னல் விளிம்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையால் தடவிப் பார்த்தார்; ஈரமே இல்லை. அப்படியே இறங்கிப் போய்விட்டார். வீட்டுக்கு வேறு ஆள் பார்த்துவிட்டாரோ?

ஜூலை 4, வெள்ளி
மாதம் முடிந்தது. பயத்தோடுதான் கீழே போனேன். பேனாவைத் திறந்தவர் மூடி வைத்தார்.

"என் நாத்தனார் மனு ஒண்ணு உங்க ஆபீஸ்ல கெடக்கு. பக்கத்துத் தெரு, பால்கனிக் கம்பி. அவளுக்காவது அந்த ஒரு வரிய எழுதுங்க."

"போன வாரமே எழுதி அனுப்பிட்டேன். இப்ப எல்லாக் கடிதத்துலயும் எழுதறேன்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதற்கும் ஒரு நீண்ட வால்.

ஜூலை 6, ஞாயிறு
அண்ணன் வந்தான். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்தான். சுவரில் எங்கேயாவது ஈரம் இருக்கிறதா என்று கண்ணால் தேடினான். ஜன்னலைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

"உன் ரூம் அப்படியே இருக்கு," என்றான்.

"கட்டிலப் பிரிச்சுடுண்ணா. அண்ணி தையல் மிஷின் போட எடம் கேட்டுட்டே இருந்தாங்க."

வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் கேட்டான், "இனிமே போன் பண்ணிட்டுத்தான் வரணுமா?"

"வேணாம். கதவத் தட்டிட்டு வா, போதும்."