உன் குரலை நானே கொடுத்துவிட்டேன்

என் வாயாடி ஸ்டெல்லாவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவள் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால் பயந்துபோயிருக்கிறேன் என்று அர்த்தம். 

முதலில் நம் பத்திரிகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்த நம் நாலு பக்கம் இப்போது மாதம் ஒருமுறைதான். நாம் வெயிலில் அலைந்து எழுதுவதை, ஆளே இல்லாத ஏதோ ஒரு இணையதளம் டீ ஆறுவதற்குள் வார்த்தையை மாற்றிப் போட்டுவிடுகிறது. எல்லாம் செயற்கை நுண்ணறிவாம். சின்ன காஞ்சிபுரத்தில் நம்மிடம் தவறாமல் பேப்பர் வாங்கிய ஜவுளிக் கடைக்காரரே, "போன்ல கேட்டா அதுவே சொல்லிடுதுமா, பேப்பர் எதுக்கு?" என்கிறார். போனுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். சிரித்தார். நீயாக இருந்தால் அங்கேயே நின்று ஒரு மணி நேரம் சண்டை போட்டிருப்பாய். எனக்குத் தெம்பு இல்லை, வந்துவிட்டேன்.

போன வாரம் நடந்ததுதான் என்னை உலுக்கிவிட்டது.

ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் போனிலிருந்து நீ பேசினாய். ஆமாம், நீதான். முதலில் அந்தச் சின்னக் கனைப்பு. பிறகு, "வணக்கம் மக்களே, உங்க ஸ்டெல்லா பேசறேன்." கையிலிருந்த தாள்களைக் கீழே போட்டுவிட்டேன். "ஏரி மண்ணு விஷயத்துல நான் எழுதினது தப்பு. கன்னியம்மாகிட்ட கேக்காமலே எழுதிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க" என்றாய். சாவதற்கு முன் நீ அனுப்பிய கடைசிப் பதிவு என்று மேலே எழுதியிருந்தது.

நீ கடைசியாக எழுதிய செய்தி அது. தாமலுக்கு அந்தப் பக்கம் உள்ள கிராமத்தில், வண்டல் எடுக்க அனுமதி வாங்கிக்கொண்டு ஏரிக் கரையின் அடியையே தோண்டுகிறார்கள் என்று எழுதினாய். கரையை ஒட்டிக் குடியிருக்கும் கன்னியம்மா மட்டும்தான் பேரைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். அந்தச் செய்தியால் தோண்டுவது நின்றிருந்தது. இந்தப் பதிவு சுற்ற ஆரம்பித்த மூன்றாம் நாள் மண் அள்ளும் இயந்திரம் திரும்ப வந்துவிட்டது. ஐப்பசி மழைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது சொல்? அடி போன கரை தாங்குமா?

இப்படிப் பொய்யாகப் பேச வைக்க, உன் குரல் அந்த மண் எடுக்கிறவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்பாய். நான்தான் கொடுத்தேன். உன் முப்பதாம் நாளன்று, வாசகர்களின் போனுக்கு நீ வாசித்து அனுப்பிய குரல் செய்தி அத்தனையையும் இணையத்தில் ஏற்றி வைத்தேன். யாரும் உன்னை மறக்கக் கூடாது என்று நினைத்தேன், வேறென்ன? ஒரு தும்மலைக் கூட வெட்டவில்லை. அதைத் தின்றுதான் அந்தச் செயற்கை நுண்ணறிவு உன்னைப்போலக் கனைக்கக் கற்றுக்கொண்டது. என் அசட்டுத்தனத்துக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது?

நேற்றுக் காலை பஸ் பிடித்துக் கன்னியம்மா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறக்காமல் திருப்பி அனுப்புவாள் என்றுதான் போனேன். அவள் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னாள்.

"ஏம்மா, போன்ல பேசறது உன் கூட வந்த பொண்ணு இல்லதானே?"

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"கேக்காம எழுதிட்டேன்னு சொல்லுது பாரு. அந்தப் பொண்ணு இதே வாசல்ல நின்னுக்கினு ரெண்டு தபா எனக்குப் படிச்சுக் காட்டுச்சு. மூணு வண்டின்னு எழுதியிருந்துச்சு. நாலுன்னு நான் சொன்னேன். அடிச்சுத் திருத்தி எழுதிட்டுதான் போவேன்னுச்சு."

ஸ்டெல்லா, நம் வாசல் படிப்பு! யார் பேச்சை எழுதினோமோ அவர் வாசலில் போய்ப் படித்துக் காட்டாமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது என்று நீ பிடிவாதம் பிடித்தாய். பஸ் செலவுக்கும் நேரத்துக்கும் நான் எத்தனை முறை உன்னிடம் முணுமுணுத்திருப்பேன். கன்னியம்மா சொன்னதும் அழுதுவிட்டேன். பிழைத்தோம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

உன் குரலை நான் இணையத்தில் ஏற்றியதைச் சொன்ன பிறகுதான் அவள் கேட்டாள். "என் பேச்சையும் அதுல போட்டிருக்கிறியாம்மா?"

போட்டிருந்தேன். நீ அவளிடம் எடுத்த பேட்டி முழுசும் அங்கே இருந்தது.

"அப்போ நாளைக்கு நானே வந்து, பொய் சொல்லிட்டேன்னு பேசுவேனா?"

அப்படி நடக்காது என்று எப்படிச் சொல்வேன்? நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

"உன்ன நம்பறேன்மா. ஆனா எனக்கு பயமா இருக்குது. எனக்குத் தெரியுது, ஊருக்குத் தெரியலியே. இனிமே என் பேரு வேணாம்." சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் ஏரிப் பக்கம் இயந்திரச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து, இணையத்தில் இருந்தது, என் போனில் இருந்தது எல்லாவற்றையும் அழித்தேன். ஒவ்வொன்றையும் ஒருமுறை கேட்டுவிட்டு அழித்தேன். உன் சிரிப்பு, நீ தப்பாகப் படித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டது, பின்னால் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம், எல்லாம் போயிற்று. முடித்த பிறகுதான் உறைத்தது. அவர்கள் எடுத்தது எடுத்ததுதான். இப்போது உன் குரல் அவர்களிடம் இருக்கிறது. என்னிடம் இல்லை.

ஏரிச் செய்தியை மறுபடி எழுதியிருக்கிறேன், கன்னியம்மா பேர் இல்லாமல். நாளைக் காலை அவள் வாசலில் நின்று படிப்பேன். அவள் சரி என்றால், கரையோரத்தில் இருக்கும் மற்ற வீடுகளிலும் கதவைத் தட்டி, வாசல் வாசலாகப் படிப்பேன். எத்தனை பேர் நின்று கேட்பார்கள், எத்தனை பேர் விரட்டுவார்கள், தெரியாது. பேர் கொடுக்க ஒருவராவது வருவாரா என்றும் தெரியாது. என் குரல் நடுங்கும், அது மட்டும் நிச்சயம். ஆனாலும் ஒரு வீட்டையும் தாண்டிப் போக மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

படிக்கத் தொடங்கும்முன், பக்கத்தில் நீ கனைப்பதற்காக ஒரு கணம் நிறுத்துவேன்.

கூடப் பிறக்காத உன் அக்கா,
சுமதி