அன்று எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, உன் தம்பி துரை மூவரும் நலம். வழக்கத்துக்காக எழுதுகிற நலம் இல்லை, இந்தத் தடவை நெஞ்சில் கை வைத்து எழுதுகிறேன். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்தோடு தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இவ்வளவு தூரத்திலிருந்து நம்புவதைத் தவிர வேறென்ன செய்ய முடியும். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் ஈரத்துணி வண்டி இழுக்கிற வேலையிலிருந்து மாற்றி, துணி மடிக்கிற மேசைக்கு அனுப்பிவிட்டார்கள். உட்கார்ந்த வேலைதான், ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் கை நிற்பதில்லை, நான் முகம் துடைத்துப் போட்ட துண்டைக்கூட ஆஸ்பத்திரி மடிப்பில் மடித்து அடுக்கிவிடுகிறாள். கடையில் எனக்கு வேலை கொட்டுகிறது. புயலில் ஊர் ஜன்னலெல்லாம் உடைந்ததில் கண்ணாடி அறுத்து அறுத்துத் தோள்பட்டை கழன்றுவிட்டது. ஊரில் உடைந்தால்தான் நமக்கு விடியும் என்று உன் அம்மா குத்திக்காட்டுகிறாள், அதே வாயால் கூடத்துக்குப் புதுத் திரைச்சீலையும் கேட்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது ஏன் யாரும் போனை எடுக்கவில்லை என்று விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாய். சிக்னல் இல்லை என்றாள் உன் அம்மா, குளித்துக்கொண்டிருந்தேன் என்றேன் நான், இரண்டும் பொய். அன்று எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை. சிரிக்காதே, மேலே படி. இதைப் போனில் சொல்லலாம் என்றால் துரை பக்கத்திலேயே இருப்பான், தன்னைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே காதைப் பொத்திக்கொள்கிறான், நான் பாதி சொல்வதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கி மீதியைத் தன் இஷ்டத்துக்குச் சொல்வாள். அதனால்தான் கடிதம். வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாயே, அதற்கும் இதில்தான் பதில் இருக்கிறது.

புயலுக்குப் பிறகு பள்ளிக்கூடம் வெகுநாள் பூட்டிக் கிடந்தது உனக்குத் தெரியும். விட்டுப்போன நாட்களை ஈடுகட்ட நாலு சனிக்கிழமை பள்ளி உண்டு, அன்றைக்குத் திங்கட்கிழமைப் பாடங்கள் நடக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். மற்ற பிள்ளைகளுக்கு லீவு போயிற்றே என்ற வருத்தம், அவ்வளவுதான். நம் துரைக்குக் கிழமை என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திங்கள் என்றால் ரொட்டியும் முட்டையும், எதிர்வீட்டு டிரைவர் மாமா கார் கழுவுவது, முதல் பாடம் கணக்கு. சனி என்றால் என் கடைக்கு லீவு, அவன் என்னோடு உட்கார்ந்து கண்ணாடித் துண்டுகளின் ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது. பதினொரு வயதில் அவன் உலகம் அப்படித்தான் நிற்கிறது. நாங்கள் அதையெல்லாம் யோசிக்காமல் முதல் சனிக்கிழமை சும்மா சட்டையை மாட்டி அனுப்பிவிட்டோம். கணக்குப் பாடம் ஆரம்பித்ததும் எழுந்து நின்று, "இன்னைக்கு சனிக்கிழமை, கணக்கு கிடையாது" என்றிருக்கிறான். வகுப்பு டீச்சர் நல்ல பெண், வேலைக்குப் புதிது, "இன்னைக்கு திங்கட்கிழமை மாதிரிப்பா" என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். மாதிரி என்கிற சமாசாரமெல்லாம் அவனிடம் செல்லுபடியாகுமா. குரல் ஏறிக்கொண்டே போய், பெஞ்சு கவிழ்ந்து, தடுக்க வந்த டீச்சரின் கையில் நகம் கிழித்து, எனக்குப் போன் வந்து நான் ஓடிப்போய்ச் சேரும்போது மேசைக்கு அடியில் சுருண்டு கிடந்தான், "கிடையாது கிடையாது" என்று வாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நானும் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தேன், இந்த வயிற்றையும் வைத்துக்கொண்டு. மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டார்கள், அவன் அடங்க மதியம் ஆயிற்று.

அன்றைக்கே தலைமையாசிரியை எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். "ஆட்டிசம் இருக்கிற பிள்ளைய சேர்த்துக்க மாட்டோம்னு நாங்க ஒருநாளும் சொன்னதில்ல. ஆனா இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா மத்த பெத்தவங்களுக்கு என்னால பதில் சொல்ல முடியாது. அவனுக்குத் தோதா வேற இடம் பாத்துக்குங்க" என்றார். கத்தவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார், அதுதான் இன்னும் வலித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம், வாயைத் திறக்கப் போனேன், உன் அம்மா மேசைக்குக் கீழே என் காலை ஒரு மிதி மிதித்தாள். வெளியே வந்து பார்த்தால் அவள்தான் அழுதுகொண்டிருக்கிறாள். சின்ன வகுப்பிலிருந்து ஒன்றாக வளர்ந்த பிள்ளைகள், சாப்பாட்டு வரிசையில் இடி படாமல் அவனை முன்னால் விடுகிற பிள்ளைகள், அவர்களை விட்டுப் பிரித்து எங்கே கொண்டுபோய் உட்கார வைப்பது. இன்னும் மூன்று சனிக்கிழமை வேறு பாக்கி இருந்தது. அந்த வாரம்தான் உன்னிடம் புலம்பித் தீர்த்தோம், நீயும் வேலையை விடுகிறேன் என்று ஆரம்பித்தாய்.

அடுத்து நடந்தது என் மூளையில் உதித்த யோசனை. சனிக்கிழமையில் திங்கட்கிழமைப் பாடம்தானே தகராறு, சனிக்கிழமையையே திங்கட்கிழமை ஆக்கிவிட்டால்? வெள்ளிக்கிழமை இரவு அவனிடம், புயல் நிறைய நாளை அடித்துக்கொண்டு போனதல்லவா, அதில் இந்தச் சனியும் ஞாயிறும் போய்விட்டது, வெள்ளிக்கு அப்புறம் நேரே திங்கள் என்று ஒரு புளுகு புளுகினேன். என்னை ஒரு மாதிரி பார்த்தான். காலண்டரைக் கழற்றி பீரோவுக்குள் வைத்தேன். காலையில் ரொட்டியும் முட்டையும் தயார். உன் அம்மா லீவு நாளில் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவதுபோல் இறங்கிப்போய்த் தெருமுனையில் நின்றாள். நான் கடையைத் திறந்தேன். டிரைவர் மாமாவிடம் முதல்நாளே காலில் விழாத குறையாகச் சொல்லி வைத்திருந்தேன். "ஊர்ல எல்லாரும் வீட்டை ஏமாத்திட்டு வெளிய போவாங்க, நீங்க வீட்டுக்குள்ளயே ஊரை ஏமாத்துறீங்களே" என்று சிரித்துவிட்டு, பெரிய மனசு பண்ணி வாளியோடு வந்து பளபளவென்றிருந்த காரைத் திரும்பக் கழுவினார். வகுப்பு டீச்சரும் கூட்டுச் சேர்ந்து கரும்பலகையில் கிழமை எழுதாமல் விட்டுவிட்டாள். சாயங்காலம் அவள் போன் செய்து, "தங்கமா இருந்தான் சார்" என்றபோது உன் அம்மாவை நான் ஒரு பார்வை பார்த்தேன் பார், ஊரையே விலைக்கு வாங்கினவன் பார்வை.

அந்தப் பார்வை மறுநாள் காலை வரைதான் நீடித்தது. ஞாயிறு விடிந்ததும் துரை குளித்து, சட்டை மாட்டி, பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறான். திங்களுக்கு அப்புறம் செவ்வாய்தானே. "நீங்கதானே ஆரம்பிச்சீங்க, நீங்களே கூட்டிட்டுப் போங்க" என்று உன் அம்மா அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். கூட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது, காவல்காரர் பனியனோடு வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தவர், "ஞாயித்துக்கிழமை என்ன சார் இங்க" என்று கேட்டுவிட்டார். துரை பூட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அப்பா பொய்" என்றான். கத்தவில்லை. அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது, இத்தனை வருஷத்தில் யாரையும் அப்படிச் சொன்னதும் இல்லை. எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

சுவரோரம் உட்கார்ந்துவிட்டான், நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆமாடா, பொய்தான், நேற்று சனிக்கிழமைதான், ஆனால் பள்ளி இருந்தது, எனக்கு வேறு வழி தெரியவில்லை என்றேன். "சனிக்கிழமை கணக்கு கிடையாது" என்றான். நான் இருந்த வெறுப்பில், "கிடையாதுடா, நேத்து ஒரு தப்பான சனிக்கிழமை, போதுமா" என்று சிடுசிடுத்தேன். நம்ப மாட்டாய், அவன் முகம் தெளிந்துவிட்டது. தப்பு சனிக்கிழமை, தப்பு சனிக்கிழமை என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தான். அப்புறம், "இன்னும் எத்தனை தப்பு?" என்று கேட்டான். ரெண்டு என்றேன். சரி என்று எழுந்துவிட்டான். இத்தனை நாளும் எல்லாரும் சேர்ந்து, சரியில்லாததைச் சரி சரி என்று சொல்லித்தான் அவனைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறோம். தப்பு என்று ஒப்புக்கொண்டால் அவனுக்குப் போதுமாக இருந்திருக்கிறது. ஆனாலும் செவ்வாய் என்று ஆரம்பித்த நாளைப் பாதியில் ஞாயிறாக்க அவன் சம்மதிக்கவில்லை, செவ்வாய்க்கிழமைச் சாப்பாடு, செவ்வாய்க்கிழமைக் குளியல் என்று முடித்தோம். நீ கூப்பிட்டபோது மூவரும் போனைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தோம். உன் அம்மா கை நீட்டினாள், "அக்கா ஞாயித்துக்கிழமைதான் கூப்பிடுவா" என்று அவன் சொன்னதும் கையை மடக்கிக்கொண்டாள். ரிங் அடங்கும்வரை அவள் உன் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள், நிஜத் திங்கட்கிழமை, டீச்சரிடம் நடந்ததைச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை அவள் கரும்பலகை மூலையில் பெரிதாக, "தப்பு சனிக்கிழமை, திங்கள் பாடம்" என்று எழுதிவிட்டாள். பிள்ளைகள் எல்லாரும் ஓவென்று கத்தினார்களாம், அவர்களுக்கும் அதுதானே மனக்குறை. தலைமையாசிரியை வந்து பார்த்துவிட்டு, "தப்புன்னு எழுதினா பள்ளிக்கூடம் தப்பு பண்ணுதுன்னு ஆகாதா" என்று கேட்டிருக்கிறார். "அவன் உட்கார்ந்திருக்கான் மேடம்" என்றாளாம் இவள். அவர் கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்துவிட்டு அழிக்கச் சொல்லாமல் போய்விட்டார். ஏதோ மந்திரம் போட்டதுபோல் மாறிவிட்டான் என்று நினைத்துக்கொள்ளாதே. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றின கையோடு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தவன் விளக்கு வைக்கிற நேரம்வரை வெளியே வரவில்லை, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தான். அந்த ஒருநாள் அமைதிக்கு அவன் என்ன பாடுபடுகிறான் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். உன் அம்மா தட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள், சாப்பிட்டான். கடைசிச் சனிக்கிழமையும் அப்படியே போயிற்று, கட்டிலுக்கு அடியில் இருந்த நேரம் மட்டும் குறைந்திருந்தது.

எல்லாம் முடிந்தது என்று மூச்சு விடும்போது போன வியாழக்கிழமை தலைமையாசிரியை எங்களை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். நாசூக்காகத்தான் அனுப்பப் போகிறார், சண்டை போடக் கூடாது என்று நான் மனதுக்குள் உருப்போட்டுக்கொண்டே போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அடுத்த வருஷம் அவன் கிளாஸ் மாடிக்குப் போகுது. புது ரூம். முதல் நாள் திடுதிப்புனு கொண்டுவந்து விட்டுடாதீங்க, இப்பவே கூட்டிட்டுப் போய்க் காட்டிடுங்க" என்றார். நான் மண்டு மாதிரி, மாடிப்படி செங்குத்தாக இருக்கிறதே என்று ஆரம்பித்தேன். உன் அம்மா மறுபடியும் என் காலை மிதித்தாள். அப்போதுதான் உறைத்தது, அடுத்த வருஷம் என்று சொல்லியிருக்கிறார். கும்பிட்டுவிட்டு வந்தோம்.

அன்றே துரையைக் கூட்டிக்கொண்டு மூவருமாக மாடி ஏறினோம். கதவருகில் நின்றுவிட்டான். சுவர் நிறம் வேறு, ஜன்னல் வேறு பக்கம், மின்விசிறி வேறு. "இது தப்பு ரூம்" என்றான். ஆமாம் என்றேன், மறுத்துப் பேசுகிற புத்தியை நான் விட்டாயிற்று. "லீவு முடிஞ்சா சரி ரூம்" என்று அவனே சொல்லிவிட்டு, உள்ளே போய் ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தான். உன் அம்மா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள், முழங்கால் வலி என்றாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

ஆகையால் அம்மாடி, வேலையை விடுகிற பேச்சை இத்தோடு விடு. நீ உதவிக்கு வருகிறேன் என்று வந்து நின்றால் அதையும் அவனுக்கு நான்தான் விளக்கிச் சொல்ல வேண்டும். உன்னை நினைத்து நாங்கள் பெருமைப்படாத நாள் இல்லை, நீ அங்கேயே இருந்து எங்களை அப்படியே பெருமைப்பட வை. லீவுக்கு வா, ஆனால் ஆச்சரியப்படுத்துகிறேன் பேர்வழி என்று திடீரென்று கதவைத் தட்டாதே, எந்த நாள், எந்த நேரம், எந்தக் கட்டிலில் படுப்பாய் என்பது வரை முன்னாலேயே எழுது, நான் அவனிடம் சொல்லி வைக்கிறேன். முடியை ஒட்ட வெட்டிக்கொண்டேன் என்று போனில் சொன்னாயே, அதையும் போட்டோ எடுத்து அனுப்பு, அவன் முன்னாலேயே பார்த்துப் பழகட்டும். உன் அம்மா இதை இதுவரை படித்துவிட்டு, கதை பாதி, பீற்றல் பாதி என்கிறாள், அவள் என் காலை மிதித்தது மட்டும் நூற்றுக்கு நூறு உண்மையாம். எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, உடம்பும் மனசும் நன்றாக இரு. எனக்கு இப்போது இருக்கிற ஒரே கவலை, பள்ளிக்கூடத்து மணி அந்த மாடி அறைக்கு நேர் கீழே மாட்டியிருக்கிறது, சத்தம் அவனுக்கு ஒத்துக்கொள்ளுமோ என்னவோ. அது அடுத்த வருஷத்துக் கவலை. அடுத்த வருஷத்தைப் பற்றிக் கவலைப்படக் கொடுத்து வைத்திருக்கிறதே, அதுவே எனக்குப் போதும்.

என்றும் உன் நினைவாக,
உன் அப்பா