இரண்டாவது கல்

இந்தாம்மா,

பிக்கப்பின் ஹேண்ட்பிரேக்கை மறுபடி கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டேன். புதுக் கேபிள்தான். இழுத்தால் கடகடவென்று சத்தம் வருகிறது, வண்டி மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது. என்னை மாதிரியேதான், வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

நேற்று அது உருண்டு வந்தபோது பாப்பா ஓர் எட்டுத் தள்ளி நின்றதால் பிழைத்தாள். “உங்கள நம்பிப் பிள்ளைய வாசல்ல விட முடியுமா?” என்று கேட்டாய். 

மெக்கானிக் வருவார். சாவி அரிசி டப்பா மேல் இருக்கிறது. சரிப்படாது என்று சொன்னால் வண்டியை உடைக்கவே கொண்டுபோகட்டும். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், கோபத்தோடாவது சாப்பிடு.

பி.கு.: பின்சக்கரத்துக்கு அடியில் கல் வைத்திருக்கிறேன், எடுத்துவிடாதே.

இன்னொன்று: பக்கத்திலேயே இரண்டாவது கல்லும் இருக்கும். முதல் கல்லை வைத்தது நான்தானே.