சின்ன அறையைப் பார்க்க வருகிறவள்

மிரேயா,

சோள அடை அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. சாயங்காலம், நான் வேலையிலிருந்து திரும்புமுன், சின்ன அறையை வாடகைக்குப் பார்க்க பெமா என்ற திபெத்திய நர்ஸ் வருவாள். நம் மகள் யுலீசா இறந்ததிலிருந்து மூடிக்கிடந்த அந்த அறையில், குளிருக்குச் சூடு தரும் ரேடியேட்டரை இன்று திறந்துவிட்டேன்.

தடதடவென்று சத்தம் வந்தால் பயப்படாதே. உலகப் போருக்கு முன்பு கட்டிய பழைய கட்டடம் இது. ஒரே குழாயில்தான் நீராவி ஏறுகிறது, ஆறிய தண்ணீரும் அதிலேயே இறங்குகிறது. ரேடியேட்டரின் திருகுக் குமிழை முழுதாகத் திறந்து வை, அல்லது முழுதாக மூடு. பாதியில் விட்டால் இரண்டும் வழியில் முட்டிக்கொள்ளும். புழுக்கமானால் பனியென்று பார்க்காமல் ஜன்னலைத் திற.

"புள்ள வாசன இன்னும் அந்த ரூமுல இருக்குய்யா, ஒனக்கு மூக்கு செத்துப்போச்சா?" என்று நேற்றுக் கத்தினாய். எனக்கும் அந்த வாசனை வருகிறது, மிரேயா. ஆனால் அறையை விடாவிட்டால் வீட்டையே விடவேண்டிவரும். இந்த ஜாக்சன் ஹைட்ஸ் பகுதியில் இந்த வாடகைக்கு வேறு வீடு கிடைக்காது.

எவேலியோ

பி.கு: உன்னால் முடியாவிட்டால் கதவைத் திறக்காதே. அறையில் ஆள் இருக்கிறது என்று உள்ளிருந்தே சொல்லிவிடு. அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன்.