பெண்களை எழுதாத வம்சப் புத்தகம்

பினாங்கு,
மார்ச் 1958

அன்புள்ள அம்மாவுக்கு,

ஜெபராணி வணக்கத்துடன் எழுதுவது. சூலூரில் நீங்களும் அப்பாவும் சுகமா? ஆஸ்பத்திரி வேலையில் எனக்கு ஒரு குறையுமில்லை.

நீங்கள் இங்கே பினாங்கில் இருந்த காலத்தில் என்னை உங்களுக்குத் தத்துக் கொடுத்த சீனக் குடும்பத்தின் வம்சப் புத்தகத்தை, அவர்களுடைய குலச் சங்கத்தில் போய்ப் பார்த்தேன். பயப்பட ஒன்றும் நடக்கவில்லை. சீனம் தெரிந்த நம்மூர் ஆரோக்கியதாஸ் அண்ணன்தான் படித்துச் சொன்னார்.

“ரெண்டு பையனுங்க பேருதான் இருக்குதுங்க அம்மணி. பொம்பளப் புள்ளைகளை எழுத மாட்டாங்களாமுங்க.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “அப்ப நான் ஆகாசத்துல இருந்தா உழுந்தேன்? கேளுங்கண்ணா!” என்று கத்திவிட்டேன். சங்கத்துப் பெரியவர் சிரித்தபடி டீயை நீட்டினார். தொடாமல் வந்துவிட்டேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

சுண்டைக்காய் வற்றல் கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே சோறே இறங்குவதில்லை. என்னை உங்கள் கையில் கொடுத்தபோது பெற்றவள் அழுதாளா? அதை மட்டும் மறைக்காமல் எழுதுங்கள். டூட்டிக்கு மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்,
ஜெபராணி