அம்மனுக்கு முதலில் தெரிந்தது

14 ஜூலை 2024, ஞாயிறு

வீட்டுக் கடன் முடிய இன்னும் இரண்டு வருடம். முடிந்த கையோடு இந்தியா போய்ப் பழனி, கொடைக்கானல். இருபத்தைந்தாவது கல்யாண நாளை அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று காலையில் மறுபடியும் சொன்னேன். இவர் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே, “இந்த டிசம்பரே போலாம்லா” என்றார்.

“லோன் முடியட்டுங்க. கொடைக்கானல் என்ன ஓடியா போகுது?”

“மலை ஓடாதுதான்” என்றார்.

காரை இப்போதெல்லாம் நான்தான் ஓட்டுகிறேன். இவருக்கு முட்டி வலியாம். நேற்று இரவுச் சந்தையில் தெருவோரக் கால்வாய் மூடியில் இடறி விழப் பார்த்தார். எங்கே பார்த்து நடக்கிறீர்கள் என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். சிரித்தார்.

21 ஜூலை, ஞாயிறு

புக்கிட் பெலிம்பிங் பக்கம், இவர் பிறந்த ரப்பர் தோட்டத்துக் கோயிலில் ஆடிக் கூழ். பூக்கட்டும் அன்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அழகேசனுக்கு இப்ப பார்வை எப்படி இருக்கு ஆயி? உன் மவ வந்து வெள்ளியில கண்மலர் சாத்திட்டுப் போச்சே, தைப்பூசத்துக்கு முந்தி. அந்த ரெண்டு கண்ணையும் அம்மன் காலடியில வச்சிட்டு அழுதிச்சு பாரு, எனக்கே தாங்கல.”

“யாரு, தனுஜாவா?”

“உனக்கு எத்தன மவ?”

திரும்பிப் பார்த்தேன். இவர் கையில் கூழோடு நின்றார். காதில் விழுந்துவிட்டது என்று முகமே சொன்னது.

புக்கிட் பெருந்துங்கில் எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். நான்தான் ஓட்டினேன்.

அம்மனுக்குச் சொன்னவர்கள் எனக்குச் சொல்லவில்லை.

22 ஜூலை

ரவாங் தொழிற்சாலை. வேலை. எல்லாரிடமும் நன்றாகவே பேசினேன்.

23 ஜூலை, செவ்வாய்

சொன்னார். விழித்திரையில் வியாதி. பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது, குழாய் வழியாகப் பார்ப்பது போல. மருந்து கிடையாது. ஐந்து வருடமோ பத்து வருடமோ, டாக்டருக்கே தெரியவில்லை. போன தீபாவளிக்கு முன்பே கண்டுபிடித்தாயிற்று. பல் டாக்டர் என்று போனதெல்லாம் கண் டாக்டரிடம். தனுஜா கூடப் போயிருக்கிறாள். இவருடைய அக்கா மாலா அண்ணிக்குத் தெரியும். இவர் வேலை செய்யும் கிடங்கில் சூப்பர்வைசருக்குத் தெரியும், அதனால்தான் பகல் ஷிப்ட். கடைசியாக நான்.

ஏன் என்று கேட்டேன்.

“உன்கிட்ட சொன்னா உடனே அட்டவணை போட்டுருவ மணி. நான் குருடாவற தேதிக்கு ஏத்த மாதிரி வீட்டையே மாத்திருவ. எனக்கு இன்னும் கண்ணு தெரியுதுலா.”

தொழிற்சாலையில் எந்த இயந்திரத்தில் எந்த நாள் எது ஓடவேண்டும் என்று மாதக்கணக்கில் முன்னாலேயே திட்டம் போடுவதுதான் என் வேலை. அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். அதுவா என் குற்றம்?

26 ஜூலை

போன தீபாவளிப் படங்களைப் பார்த்தேன். வந்தவர்கள் எல்லாரும் இவர் நாற்காலிக்குப் போய்க் கைகொடுக்கிறார்கள். அன்று நான், “பெரிய தொரை, எந்திரிக்க மாட்டாரு” என்று சொல்லி ஊரையே சிரிக்க வைத்தேன். மாலா அண்ணி மட்டும் சிரிக்காமல் அடுப்படிக்குப் போனார். நெய் உருண்டை தீர்ந்துவிட்டது போல என்று நினைத்தேன்.

ஒரே வீட்டில் அவர்கள் ஒரு தீபாவளி கொண்டாடியிருக்கிறார்கள். நான் வேறொரு தீபாவளி.

28 ஜூலை, ஞாயிறு

தனுஜா ஹாஸ்டலிலிருந்து வந்தாள். வாசலிலேயே ஆரம்பித்தேன்.

“அப்பா சத்தியம் வாங்கிட்டாரும்மா.”

“அவரு வாங்குவாரு. நீ எனக்கு மக இல்லையா?”

“அம்மா, ப்ளீஸ்லா. கட்டில் பக்கத்துல தண்ணி கிளாஸ எத்தன தடவ தட்டி விட்டாரு? ஒவ்வொரு தடவையும் திட்டினீங்க. ஏன்னு ஒரு தடவயாச்சும் கேட்டீங்களா?”

கேட்கவில்லைதான். கேட்டிருந்தால்? கைமூட்டு வலி என்றிருப்பார்கள், மூவரும் பேசி வைத்துக்கொண்டு. இவள் சின்ன வயதில் காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொடுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்து, “அப்பா பல்லு சரியாப் போச்சும்மா” என்று சொல்லியிருக்கிறது. எப்படி வந்தது அந்த வாய்?

7 ஆகஸ்ட், புதன்

ஆபீசில் மன அழுத்தம் குறைப்பது பற்றி ஒரு பேச்சு. ஆளுக்கொரு பேரீச்சம்பழம் கொடுத்து, நேற்றையும் நாளையையும் விட்டுவிட்டு ஐந்து நிமிடம் மென்று தின்னச் சொன்னார் பேச வந்த பெண். இந்தக் கணத்தில் இருக்க வேண்டுமாம். பக்கத்து நாற்காலி செல்வா ஒரே வாயில் விழுங்கிவிட்டு, “அக்கா, உங்க கணத்த நீங்க தின்னலன்னா எனக்குக் குடுங்க” என்றான். எனக்கே சிரிப்பு வந்தது.

நான் மென்றுகொண்டிருந்தது போன நவம்பரை. இந்தக் கணம், இந்தக் கணம் என்கிறார்கள். இருந்த கணமெல்லாம் பொய் என்று தெரிந்தவள் எந்தக் கணத்தை நம்பி உட்காருவது?

18 ஆகஸ்ட், ஞாயிறு

கடைசியில் அட்டவணை போட்டேதான் விட்டேன். படி ஓரங்களுக்கு வெள்ளை வர்ணம், குளியலறையில் கைப்பிடி, எந்த வருடம் நான் வேலையை விடுவது. பின்னால் வந்து நின்றவர், கம்ப்யூட்டர் திரையில் வரிவரியாகத் தலையை நகர்த்திப் படித்தார்.

“எந்த வருசம் எனக்குக் குச்சி வாங்குற?”

விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குத்தான் உடைந்தது. கத்தினேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

“அந்த எட்டு மாசமும் ஒவ்வொன்னையும் இதுதான் கடைசியோ, இதுதான் கடைசியோன்னு பாத்தீங்க. என்னைய, தனுஜாவ, வீட்ட. எனக்குத் தெரிஞ்சிருந்தா நானும் அப்படிப் பாத்திருப்பேன்ல? நீங்க மட்டும் பாத்துக்கிட்டீங்க. நான் லோன் எப்ப முடியும்னு உக்காந்திருந்தேன்.”

நாற்காலியைத் தடவி இழுத்து உட்கார்ந்தார். பிறகு, “அத நான் யோசிக்கல” என்றார்.

“இனிமே எதுன்னாலும் எனக்குத்தான் முதல்ல. அன்னிக்கே.”

“சரி. சொன்னா நீ அன்னிக்கோட நிப்பியா? அடுத்த வருசத்துக்கு ஓடிர மாட்டியே?”

என்னையே எனக்குத் தெரியாதா?

3 செப்டம்பர்

மாடிப்படியில் தடுமாறினார். “முட்டி” என்றார். இன்னும் முட்டியா?

சோறு மட்டும் போட்டு வைத்தேன்.

5 செப்டம்பர்

இவரே வந்து, “அன்னிக்கு முட்டி இல்ல. படி தெரியல” என்றார். இரண்டு நாள் தாமதம். ஆனாலும் வந்தது. உடனே நான் ஆஸ்பத்திரி, விடுப்பு, தேதி என்று ஆரம்பித்துவிட்டேன். எழுந்து வெளியே போய்விட்டார். இன்று தோற்றது நான்.

கோபம் இன்னும் போகவில்லை. போகுமா என்றும் தெரியவில்லை.

27 செப்டம்பர், வெள்ளி

காலையில் வேலைக்குக் கிளம்பத் தலை சீவிக்கொண்டிருந்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் கூப்பிட்டார்.

“மணி, இங்க வா. ஒன்னு சொல்லணும்.”

பக்கத்தில் போய் நின்றேன்.

“உன் கண்ணப் பாத்தா வாய் தெரிய மாட்டேங்குது. இன்னிக்குத்தான் கவனிச்சேன். யாருக்கும் சொல்லல.”

டாக்டர், தனுஜா, டிசம்பர் எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. சீப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பின்னால் ஓரடி வைத்தேன்.

“இப்ப?”

“வாய் வந்திருச்சு.”

இன்னும் இரண்டடி. முதுகில் அலமாரி இடித்தது.

“இப்ப?”

தலையைச் சாய்க்காமல் நேராகப் பார்த்தார். “முழுசா இருக்க. ஒரு பக்கந்தான் சீவியிருக்க.”

அலமாரியை ஒட்டி நின்றபடியே மறுபக்கத்தைச் சீவினேன். மெதுவாகத்தான்.